கடைசியாகப் பேசியது எப்போது, எங்கே

ஸ்பானிஷ் மொழியில் எனக்கு ரொம்ப நாள் தண்ணி காட்டியவை சின்னச் சின்னச் சொற்கள்தான். வினைச்சொற்களை மனப்பாடம் செய்துவிட்டேன். இடத்துக்கும் நேரத்துக்கும் முன்னால் போடுகிற சொற்கள்தான் உயிரை வாங்கின. நமக்கு எல்லாம் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில், பஸ்ஸில், ஜூன் மாதத்தில், திங்கட்கிழமையில் என்று ஒரு 'இல்' போட்டால் வேலை முடிந்தது. அங்கே அப்படி இல்லை. இருக்கிற இடம் என்றால் 'என்', போகிற இடம் என்றால் 'ஆ'. மாதத்துக்கு 'என்', மணிக்கு 'ஆ', கிழமைக்கு முன்னால் ஒன்றும் கிடையாது, வெறும் 'எல்' போதும். சாயந்திரம் என்று பொதுவாகச் சொன்னால் 'போர்', அதையே மணியோடு சொன்னால் 'தே'. இதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சென்னையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது கற்றுக்கொண்டது. ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சுருக்கி எழுதுகிற வேலை. பயிற்சி கொடுத்தவர் என் முதல் பரீட்சைத் தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இந்த நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா, ஆஸ்பத்திரி மேல் நிற்கிறாரா என்று எழுதினவருக்கே தெரியவில்லை" என்றார். வகுப்பே சிரித்தது. நான் ரோஷக்காரி. ஒரு நோட்டு போட்டு, இந்தச் சொற்களை மட்டும் கட்டம் கட்டி எழுதி, ஆறு மாதத்தில் யாரும் குறை சொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மற்றவர்கள் எழுதியதில் குறை கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. அதில் எனக்குத் திமிரும் உண்டு. அந்தத் திமிரைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

கல்யாணமாகி அறந்தாங்கிக்கு வந்தபோது கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க விட்டது. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அறந்தாங்கியில் அரபுக் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள், அத்தனை பேர் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர்கள். ஸ்பானிஷ் நான் ஒருத்திதான். கடைக்கு வருகிறவர்களிடம் அவர் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வார். நான் கோபித்துக்கொள்வது போல் நடிப்பேன்.

அப்படிக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பெண் வந்தாள். கோட்டைப்பட்டினத்துக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். கறுப்புப் புர்கா, கையில் பிளாஸ்டிக் கவர், கூடவே மாமியார். படியேறி வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அவள் புருஷன் இங்கே போட்டில் மீன்பிடிக்கப் போனவர். கடலில் எல்லை தாண்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பயந்து, ஏஜெண்டு மூலம் ஸ்பெயின் நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்றில் வேலைக்குப் போயிருக்கிறார். அந்தக் கப்பலில் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான். கப்பல் வைஃபையில் பேசுகிறவரிடமிருந்து பத்து நாளாகப் போன் இல்லை. கப்பலை நடத்துகிற ஆபீசிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்திருந்தது.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். வியாழக்கிழமை பிற்பகல் அவரை மேல்தளத்தில் பார்த்ததாகக் கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலை கப்பல் துறைமுகத்துக்குள் வந்தபோது ஆளைக் காணவில்லை. குடும்பத்தினர் இரண்டு விஷயங்களை ஸ்பானிஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கடைசியாக அவர் உங்களிடம் பேசியது எப்போது? பேசும்போது எங்கே இருப்பதாகச் சொன்னார்?

மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். அவள் அழவில்லை. "எழுதிக்கங்கக்கா" என்றாள். "வெள்ளி ராத்திரி பேசுனாக. நான் பொழுதடைஞ்சு மஃரிபு தொழுதுட்டு யாசீன் ஓத ஒக்காந்தேன், போன் வந்துச்சு. ஏழு, ஏழரை இருக்கும்."

என் கை நின்றுவிட்டது. வெள்ளி விடியற்காலையே ஆளைக் காணவில்லை என்கிறார்கள். இவளோ வெள்ளி ராத்திரி பேசினார் என்கிறாள். அப்படியென்றால் மனிதர் உயிரோடு அல்லவா இருக்கிறார்?

"நல்லா ஞாபகம் இருக்கா? வெள்ளி ராத்திரிதானா?" என்று கேட்டேன்.

"மறக்குமாக்கா? வெள்ளி ராத்திரிதான்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டக் கூடாது என்று நினைத்தேன். அது மட்டும் இல்லை. ஒரு பெரிய ஆபீஸ் செய்த தப்பை நான் பிடித்துவிட்டேன் என்ற குஷி. அதை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"எங்க இருக்கேன்னு சொன்னாரு?"

"போட்டுலதான் இருந்திருப்பாக. காத்துச் சத்தமா இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல, அப்பறம் பேசுறேன்னு வச்சுட்டாக."

"போட்டுல இருக்கேன்னு அவரு வாயால சொன்னாரா?"

யோசித்தாள். "இல்லக்கா. சொல்லல."

அந்த நாலு வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. கிழமைக்கு முன்னால் வெறும் 'எல்' மட்டும் போட்டேன். சரியாக ஏழரை என்று அவள் சொல்லவில்லை, அதனால் 'ஆ' போடாமல், 'சுமாராக' என்று பொருள் வரும் 'அசியா' போட்டேன். நமக்கு ராத்திரி, அவர்களுக்கு அது 'தார்தே', சாயந்திரம். மணியோடு வருவதால் 'தே லா தார்தே'. இந்திய நேரம் என்று மறக்காமல் சேர்த்தேன். 'கப்பலில்' என்று எழுதப் போன கையை இழுத்து, 'தான் எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை' என்று எழுதினேன். சொல்லாததை எழுதக் கூடாது அல்லவா. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இதில் யாரும் ஒரு எழுத்துக்கூடக் குறை சொல்ல முடியாது என்று தோன்றியது. அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எனக்கே மெயிலில் அனுப்பியிருந்தார்கள். குடும்பத்தார் எழுதிக் கொடுத்தபடி, வெள்ளிக்கிழமை அங்கே பிற்பகல் நேரத்தில் அவர் வீட்டுக்குப் பேசியிருக்கிறார். கப்பல் அன்று விடியற்காலையிலிருந்தே துறைமுகத்தில்தான் நின்றது. ஆகவே அவர் கடலில் விழவில்லை. தானாகவே கப்பலை விட்டு இறங்கிப் போயிருக்கிறார். தேடுவதை நிறுத்திவிட்டோம். இதுதான் பதில்.

கடலில் போயிருந்தால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கரையில் இறங்கிப் போனவனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'கடலில் விழவில்லை' என்ற ஒரு வரிதான் கண்ணில் நின்றது. போனில் சொல்ல மனசில்லாமல், மணமேல்குடி வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து நேரே கோட்டைப்பட்டினத்துக்குப் போனேன்.

சொன்னதும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். கப்பல் கரைக்கு வந்த பின்னால்தான் போன் பண்ணியிருக்கிறார் என்று விளக்கினேன். மாமியாருக்குப் புரியவில்லை. "அங்கன நேரம் வேறல்ல மாமி" என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். நம்ப வேண்டும் என்று இருந்தால் மனுசருக்குக் காரணமா கிடைக்காது? மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவசர அவசரமாக வட்டலப்பம் செய்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வைத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவள் எனக்குப் போன் பண்ண ஆரம்பித்தாள். ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். அந்தத் துறைமுகத்து ஊரில் போலீஸ், ஆஸ்பத்திரி நம்பரெல்லாம் இணையத்தில் எடுத்துக் கொடுத்திருந்தேன், அங்கே தானே பேச வேண்டுமாம். முதலில் 'தோந்தே எஸ்தா மி மரீதோ', என் புருஷன் எங்கே இருக்கிறார். அப்புறம் அவர் இருக்கக்கூடிய இடம் ஒவ்வொன்றையும் கேட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா, 'என் எல் ஓஸ்பிதால்'. ஜெயிலில் இருக்கிறாரா, 'என் லா கார்செல்'. பள்ளிவாசலில் தங்கியிருக்கிறாரா, 'என் லா மெஸ்கீதா'. எல்லாவற்றையும் தினசரிக் காலண்டர் கிழித்த தாள்களின் பின்பக்கம் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள். எனக்கு ஆறு மாதம் ஆனது அவளுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இருக்கிற இடத்துக்கு எப்போதும் 'என்', அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கடலில் என்று எப்படிச் சொல்வது என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊர்ப் போலீசுக்கு ஒரு மனு எழுதியிருந்தேன், அதில் அவள் கையெழுத்து வேண்டும். அவள் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள். பேசிக்கொண்டு இருக்கும்போதே பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"செத்த இரும்மா. தொழுதுட்டு, யாசீன் ஓதிட்டு வாரேன். வெள்ளி ராத்திரியில்ல."

"இன்னைக்கு வியாழக்கெழமைம்மா" என்றேன், அவருக்குக் கிழமை மறந்துவிட்டது என்று நினைத்து.

அவர் சிரித்தார். "வியாழன் மஃரிபோட முடிஞ்சுபோச்சும்மா. எங்களுக்குப் பொழுது அடைஞ்சா மறுநாளு. வெள்ளி வந்துருச்சுல்ல."

அவர்களுக்கு நாள் சாயந்திரம் பிறக்கிறது. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற மனுசர்கள் நாளை எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று தெரியாமல், கடல் கடந்து இருக்கிறவன் சாயந்திரத்துக்கு எந்தச் சொல்லை முன்னால் போடுவான் என்று நோட்டுப் போட்டு எழுதியவள் நான்.

"ஒங்க போனைக் குடுங்களேன், ஒரு நம்பர் பாக்கணும்" என்று அவளிடம் கேட்டு வாங்கினேன். அவரோடு பேசிய வரிசையில் கடைசி அழைப்பைத் தேடினேன். வியாழக்கிழமை, மாலை ஏழு முப்பத்திநாலு. அங்கே வியாழன் பிற்பகல். கப்பல் நடுக்கடலில் இருந்த நேரம். காற்றுச் சத்தம் எங்கே இருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் மனுவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவள் மாமியார் ஓதிவிட்டு வந்து, "எம்புள்ள ஒன்னாலதாம்மா உசுரோட இருக்கான்" என்றார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர், "சொல்லித்தான் ஆகணும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வாயால் சொல்லிவிட்டுக் கீழே கடைக்குப் போகிறவருக்கு என்ன? அவள் தினமும் போன் பண்ணினாள். நான் எடுத்தேன். ரயில் நிலையத்தில் என்பதற்கும், கடற்கரையில் என்பதற்கும் ஸ்பானிஷில் சொல்லிக் கொடுத்தேன். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று கேட்டால், நான் இருந்தேன்.

நாலாம் நாள் சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் நாலு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டேன். போனதும் அவள் பூவை வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டாள். நல்லா இருக்கா என்று மாமியாரைக் கேட்டாள். அவர் வந்தால் இந்தச் சேலையைத்தான் கட்டப் போகிறேன் என்று எடுத்துக் காட்டினாள். நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பதினோராம் நாள்தான் சொன்னேன். காலையில் போனேன், மாமியார் மீன் வாங்கப் போயிருந்த நேரம். சுற்றி வளைக்கவில்லை. "வெள்ளி ராத்திரின்னு நீங்க சொன்னது எங்களுக்கு வியாழக்கெழமை. நான் வெள்ளிக்கெழமைன்னு எழுதிட்டேன். அவரு பேசும்போது கப்பலு கடல்லதான் இருந்துருக்கு" என்றேன். புரியுமோ என்று இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவளுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் காலண்டர் தாள்களை அடுக்கினாள். ஓரம் சேர்த்துத் தட்டி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

"கடல்ல இருக்காகன்னு எப்புடிக்கா சொல்லுவாக?"

"என் எல் மார்."

எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் சொன்னாள். பிறகு, "மாத்தி எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

மாற்றி எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டி, எதற்காக இப்படி எழுதுகிறேன் என்று சொல்லி, அவள் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. போனில் இருந்த அழைப்பையும் படம் எடுத்து வைத்து அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து அங்கே இருக்கிற அதிகாரிகளிடமிருந்தே காகிதம் வந்தது. வியாழக்கிழமை பிற்பகலுக்கும் வெள்ளிக்கிழமை விடியற்காலைக்கும் இடையில், கடலில். உடல் கிடைக்கவில்லை. இறந்துவிட்டதாகவே முடிவு.

அந்தக் காகிதத்தை நான் தமிழில் எழுதிக் கொடுத்ததைப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற அசரத்திடம் காட்டினார்கள். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது, நகை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. செய்தி எப்போது வந்தாலும் கணக்கு அவர் இறந்த நாளிலிருந்துதான் என்று அசரத்து சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளி ராத்திரியிலிருந்து எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மாதம் ஏற்கெனவே கழிந்துபோயிருந்தது. மீதி நாற்பது நாள்தான்.

பெண்கள் போய்ப் பார்க்கலாம் என்று மாமியார் சொல்லி அனுப்பியதால் போனேன். உள் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெறுங்கையோடுதான் போயிருந்தேன்.

"மீதிதான் நாப்பது நாளுன்னு சொல்றாங்கக்கா" என்றாள். "மத்ததெல்லாம் கழிஞ்சிருச்சாம். எங்க கழிஞ்சிச்சு? அவுக மௌத்தாகிக் கெடக்குறாக, நான் பூ வச்சுக்கிட்டு, சேலை பாத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு இருந்துருக்கேன். அது இத்தாவா?"

உங்களுக்குத் தெரியாதே என்றேன். உங்கள் மேல் தப்பில்லை, நான் எழுதியதில்தான் தப்பு என்றேன்.

"எழுதுனத விடுங்கக்கா. எங்களுக்கு வெள்ளி எப்பப் பொறக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா, பாவம்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "கடைசியா நான் வச்ச பூவு நீங்க வாங்கிட்டு வந்ததுதான்."

"ஆமா."

"அது வாங்கும்போது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

மாமியார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நான் சொன்ன எல்லாவற்றையும் அவள் நம்பியிருக்கிறாள்.

"தெரியும்" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"அதுக்கு முந்துன வியாழக்கெழமையிலேர்ந்து. ஒங்க மாமி தொழுக எந்திரிச்சாங்கள்ல, அப்பலேர்ந்து."

அவள் தலையை ஆட்டினாள். நான் உட்காரும்போது எனக்காக நகர்ந்தவள், இன்னும் கொஞ்சம் தள்ளி நகர்ந்து, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.